நாலாவது ஹோல்டர்

எங்கள் ஊரில் மில் என்றால் நெல் அரைக்கிற மில்தான். நான் மில் வாங்கியிருக்கிறேன் என்று தெரிந்ததும் ரெண்டு பேர் வந்து, அவித்த நெல்லை எப்போது கொண்டு வரலாம் என்று கேட்டார்கள். இது இரும்பு செதுக்குகிற மில் என்றேன். இரும்பை எதற்குச் செதுக்க வேண்டும் என்றார்கள்.

இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லேத்தில் இரும்பு சுற்றும், உளி நிற்கும். மில்லில் உளி சுற்றும், இரும்பு நிற்கும். சுற்றுகிற உளிக்குப் பெயர் கட்டர். கட்டரைப் பிடித்துக்கொள்வது ஹோல்டர். ஹோல்டர் போய் உட்காருகிற இடம் ஸ்பிண்டில் என்கிற தண்டின் வாய். அந்த வாய் கீழே பார்த்தபடி இருக்கும். உள்ளே போகப் போகக் கூம்பாகக் குறுகும். ஹோல்டரின் மேல்பாதியும் அதே கூம்பு. ரெண்டு கூம்பும் ஒட்டி உட்கார்ந்தால் கட்டர் ஆடாது. ஒட்டாவிட்டால் ஆடும். ஆடினால் அந்த மெஷினை எடைக்குப் போடலாம்.

நான் எட்டாவதோடு நின்றவன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினேன். மாதம் ஒருமுறை மன்னார்குடி பஸ். வந்து துவைத்த சட்டை காய்வதற்குள் திரும்பப் போக வேண்டும். குத்தகை நிலத்தை மனைவி பார்த்துக்கொண்டாள். போன வருடம் ஐப்பசி மழையில் வயல் மூழ்கியது. வடிகால் வாய்க்காலை வெட்டிவிட ஆள் கிடைக்கவில்லை. அவள் ஒருத்தியே இடுப்பளவு தண்ணீரில் மண்வெட்டியோடு நின்றிருக்கிறாள். போனில் சொன்னாள். நான் கோயம்புத்தூரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அங்கே இருப்புக் கொள்ளவில்லை.

வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் ஏற்கனவே ஒரு சின்ன லேத் வைத்திருந்தேன். மில்லும் இருந்தால் ஊரிலேயே பிழைக்கலாம் என்று கணக்குப் போட்டேன். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கதிர் அறுக்கும் மெஷின் வைத்து வாடகைக்கு விடுகிறார். அறுவடை நேரத்தில் சக்கரம் மாட்டுகிற ஷாஃப்ட் ஒன்று உடைந்தால் தஞ்சாவூருக்கு ஓட வேண்டும். அது வருகிறவரை கதிர் சாய்ந்து கிடக்கும். அவர் என்னிடம் சொன்னார், ஒரு ஷாஃப்ட் செய்து காட்டு, சரியாக ஓடினால் தை மாதத்து வேலை முழுக்க உனக்கு என்று. பட்டறை மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனுஷன். தைக்குள் சொல்லு, அதுவரை உன் இடத்தில் ஆள் போடமாட்டேன் என்றார்.

ஆக, ஒரு ஷாஃப்ட். அது நின்றால் நான் ஊரில். இல்லாவிட்டால் பஸ்.

மில்லைத் திருச்சிப் பக்கம் பழைய இரும்புக் கடையில் எடுத்தேன். எந்த நாட்டு மெஷினோ தெரியாது. பெயர்த் தகடு இல்லை. ஹோல்டர் இல்லை. பொருளைப் பிடிக்கிற வைஸ் இல்லை. மேலேயிருந்து ஹோல்டரை இழுத்துப் பிடிக்கிற நீளப் போல்ட்டும் இல்லை. வெறும் உடம்பு. அந்த ஸ்பிண்டில் வாய்க்குப் பொருந்துகிற ஹோல்டரைத் தேடித் திருச்சி, கோயம்புத்தூர் ரெண்டு ஊரிலும் அலைந்தேன். கடைக்காரர்கள் வாயை அளந்த அளவைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தக் கூம்பு இப்போது யாரிடமும் கிடையாது என்றார்கள். சரி, நாமே செய்வோம் என்று வந்துவிட்டேன்.

சொல்வது சுலபம். மேஜையில் பொருளை இறுக்க ஒரு நட்டு வேண்டும். அந்த நட்டின் காலைச் செதுக்க மில் வேண்டும். மில்லில் அதைச் செதுக்க வேண்டுமென்றால் முதலில் அதை மேஜையில் இறுக்க வேண்டும். கடைசியில் அரத்தால் ராவியே செய்தேன். ஒரு நட்டு ராவுவதற்குள் தோள்பட்டை போய்விடும். டிராக்டர் பட்டை ஸ்பிரிங்கை வெட்டிக் கிளாம்ப் செய்தேன். ஒன்று உடைந்து நெற்றிக்குப் பக்கத்தில் பறந்தது. வைஸுக்கு ரெண்டு தடி இரும்புக் கட்டை கிடைத்தது. அதில் ஒன்றின் உள்ளே ஓட்டை இருந்தது பாதி வேலை முடிந்த பிறகுதான் தெரிந்தது.

ஹோல்டருக்கு நல்ல எஃகு வேண்டும். டிராக்டரிலிருந்து கழற்றிய அச்சு ஒன்று இருந்தது. எஃகு நல்லதுதான், ஆனால் கெட்டியாக்கின எஃகு. லேத் உளி அதில் வழுக்கியது. பழுக்கக் காய்ச்சி, மெல்ல ஆறவிட்டால்தான் இளகும். மெல்ல ஆறவைக்க எங்கள் பக்கம் உமியைவிட நல்லது கிடையாது. அரிசி மில்லிலிருந்து உமி மூட்டைகள் கொண்டுவந்து கொல்லையில் குவித்துக் கொளுத்தினேன். நடுவில் அச்சைப் புதைத்தேன். உமி எரியாது, கனியும். மேலே கருப்பாக இருக்கும், உள்ளே கை வைக்க முடியாது. புகை தெரு முழுக்கப் போனது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"என்னப்பா, செங்கல் சூளை போட்டுட்டியா?"

இரும்பு ஆறவைக்கிறேன் என்றேன்.

"இரும்புக்கு என்ன காய்ச்சலா?"

துணி காயப்போட்டிருந்த அவர் வீட்டம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.

அச்சு இளகியிருந்தது. லேத்தில் உளித் தாங்கியைச் சாய்த்து வைத்துக் கூம்பு வெட்டினேன். சாய்வு ஒரு மயிரிழை கூடக்குறைய இருந்தாலும் பொருந்தாது. வெட்டு, மாட்டிப் பார், கழற்று, திரும்ப வெட்டு. ஒட்டுகிறதா என்று பார்க்கக் கூம்பில் நீலப் பசையை மெல்லிசாகத் தடவி, வாயில் செருகித் திருகி எடுக்க வேண்டும். தொட்ட இடத்தில் நீலம் அழியும். தொடாத இடத்தில் நிற்கும். முழுக்க அழிகிறவரை இதே வேலை. சோறு ஆறிக் கிடக்கும், மனைவி கொட்டகை வாசலில் வந்து நின்றுவிட்டுப் போவாள்.

முதல் ஹோல்டர் முடிந்தது. ஆட்டத்தை முள்ளால் காட்டுகிற டயலை வைத்து, தண்டைக் கையால் சுற்றினேன். முள் இருந்த இடத்திலேயே இருந்தது. துண்டு இரும்பில் காடி என்கிற நீளப் பள்ளம் ஒன்று வெட்டிப் பார்த்தேன். சரியான அளவு. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மறுவாரம் ஆயுத பூஜை. மெஷினைக் கழுவித் துடைத்தேன். ஹோல்டரைக் கழற்றினேன். ஸ்பிண்டில் வாயைப் பெட்ரோல் துணியால் பிசுக்கு இல்லாமல் துடைத்து வைத்தேன். வருஷத்தில் ஒருநாள், சுத்தமாக இருக்கட்டும் என்று. மனைவி ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்து, குங்குமமும் எடுத்துக்கொண்டு வந்தாள். அரிவாள், மண்வெட்டி, சைக்கிள், மாவு அரைக்கிற கிரைண்டர், லேத் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு மில்லின் முன்னால் நின்றாள்.

"இதுக்கு நெத்தி எங்க இருக்கு?"

"எங்கயாவது வை" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

அன்று மெஷினைத் தொடுவதில்லை. மறுநாள் பொரிகடலையைத் தின்றுகொண்டே ஹோல்டரை மாட்டினேன். போல்ட்டைப் பலமாக இழுத்து இறுக்கினேன். அறுப்பு மெஷின்காரர் கொடுத்த கம்பியில் லேத்தில் கடைந்து வைத்திருந்த ஷாஃப்டை வைத்துக் காடி வெட்டினேன். ஷாஃப்டும் சக்கரமும் சேர்ந்து சுற்ற, ரெண்டுக்கும் நடுவில் ஒரு கட்டை செருகுவார்கள். கீ என்போம். அந்தக் கட்டைக்கான காடி அது. கீ காடிக்குள் விரலால் போகக் கூடாது. சுத்தியலால் தட்டித்தான் போக வேண்டும். தளர்ந்து இருந்தால் ஓட ஓட இடித்து இடித்துக் காடியையே கிழித்துவிடும்.

நான் வெட்டி முடித்துக் கழற்றும்போதே மெஷின்காரர் வந்துவிட்டார். கொட்டகைக்குள் வந்து அவரே ஷாஃப்டை எடுத்தார். கீயைச் செருகினார். ஷாஃப்டைக் கவிழ்த்தார். கீ அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"தம்பி, இது ஷாஃப்டா, கிலுகிலுப்பையா?"

நான் ஷாஃப்டை வாங்கிப் பார்த்தேன். காடி அகலம். கட்டர் ஆடியிருக்கிறது. கட்டரைவிடக் காடி அகலமாக இருந்தால் வேறு காரணம் கிடையாது.

"இன்னொரு கம்பி குடுங்கண்ணே. செஞ்சு தர்றேன்."

"தர்றேன். அறுப்புக்கு முன்னாடி வேணும். முடியலன்னா சொல்லிடு, நான் பழையபடி தஞ்சாவூருக்கே போயிக்கிறேன். எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல."

கோவம் இல்லை என்று சொன்னதுதான் எனக்கு வலித்தது.

அவர் போன பிறகு டயலை வைத்தேன். முள் ஓடியது. பூஜைக்கு முன்னால் அசையாத முள். என்ன ஆயிற்று? உமியில் ஆறவைத்தது சரியில்லை, எஃகு உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டு இப்போது திரும்பிவிட்டது என்று முடிவு கட்டினேன். இரும்பு அப்படிச் செய்யும். வெட்டின பிறகு மெல்ல வளையும். பட்டறையில் பார்த்திருக்கிறேன். நீலம் தடவிப் பார்த்தேன். குறுகின முனையில் மட்டும் அழிந்திருந்தது. மீதி இடம் அப்படியே இருந்தது. அந்த முனை பருமன் என்று அர்த்தம். உப்புத்தாள் போட்டுக் குறைத்தேன். திரும்பவும் அதே இடம். இன்னும் குறைத்தேன். ஒரு கட்டத்தில் கூம்பு கூம்பாகவே இல்லை. முதல் ஹோல்டர் போனது.

மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் கொட்டகை, ஒருநாள் வயல். சம்பா நட்டுத் தலை நிமிர்ந்திருந்த நேரம். தண்ணீர் கட்டினால் அழுகிவிடும். இந்த வருடம் நான் மண்வெட்டி பிடித்தேன், மனைவி கரையில் நின்றாள். அது ஒன்றுதான் அந்த மாதத்தில் சரியாக நடந்தது. சேறு காய்வதற்குள் திரும்பக் கொட்டகைக்கு வருவேன். ஈரத்தில் லேத்தின் தண்டவாளம் துருப் பிடித்திருக்கும். எண்ணெய் போட்டுத் துடைக்கவே காலை போய்விடும்.

ரெண்டாவது ஹோல்டருக்கு உமியே வேண்டாம் என்று தஞ்சாவூரில் புதுக் கம்பி வாங்கினேன். கூம்பு வெட்டினேன். நீலம் தடவினேன். குறுகின முனை. அதே இடம். அதையும் உப்புத்தாளில் தேய்த்துக் கெடுத்தேன். கம்பியின் மேல் சந்தேகம் போய் லேத்தின் மேல் சந்தேகம் வந்தது. லேத்தைக் கழற்றி மாட்டினேன். உளித் தாங்கியைக் கழற்றி மாட்டினேன். மூன்றாவது ஹோல்டரை, நீலம் எப்படிக் காட்டுகிறதோ அப்படியே வெட்டினேன். முனையைச் சிறுத்து, அடியைப் பெருக்கி. மாட்டினால் ஒருநாள் கொஞ்சமாக ஆடும். மறுநாள் கழற்றி மாட்டினால் நிறைய ஆடும். ஒரே அளவாக ஆடினாலாவது ஒரு வழி உண்டு.

ஒவ்வொரு தடவையும் ஸ்பிண்டில் வாயைத் துடைத்தேன். துடைக்காமல் மாட்டவில்லை. குச்சியில் துணி சுற்றி உள்ளே விட்டு எடுப்பேன். துணி சுத்தமாக வரும். போன் வெளிச்சத்தில் குனிந்தும் பார்த்தேன். எல்லாம் பளபளவென்று இருந்தது.

மேஸ்திரி ஒருநாள் கூப்பிட்டார். என்ன ஆச்சு என்று கேட்டார். நடக்குது என்றேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. முதலாளி கேட்கிறார், பொங்கல் வரைக்கும்தான் தள்ள முடியும் என்றார். மனைவி அடுப்படியில் இருந்தாள். யார் என்று கேட்கவில்லை.

மார்கழியில் கதிர் பழுக்க ஆரம்பித்தது. மிச்சம் இருந்த சந்தேகம் ஸ்பிண்டில்தான். வாயே கோணல், அதனால்தான் யாரோ இதைப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. அப்படியென்றால் வாயை உள்ளே சாணை பிடித்து நேராக்க வேண்டும். கை கிரைண்டரைச் சாய்வாகப் பிடிக்கிற ஒரு தாங்கி செய்தேன். அதற்கும் நாள் போனது. சாணை பிடித்துவிட்டால் திரும்பப் பழைய வாய் வராது. தப்பானால் மில் எடைக்குத்தான். தெரிந்துதான் செய்யப் போனேன். வேறு வழி தெரியவில்லை.

தாங்கியை மேஜையில் இறுக்கினேன். சின்னச் சாணைக்கல்லை வாய்க்குள் விட்டேன். கிரைண்டரைப் போட்டேன். இன்னும் கல் தொடவில்லை. மனைவி வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னாள். சத்தத்தில் கேட்கவில்லை. கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"என்னங்க, உள்ள வச்ச பொட்டை எடுத்துட்டீங்களா?"

"எந்தப் பொட்டு?"

"பூஜைக்கு வச்சது. சாமி பொட்டை இப்படிக் கல்லு விட்டா தேய்ப்பாங்க? துணியில ஒத்தி எடுத்துட்டுச் செய்யலாம்ல."

கிரைண்டரை அணைத்தேன். கல் சுற்றி நின்றது.

"இதுக்குள்ளயா வச்ச?"

"எங்கயாவது வைன்னு சொல்லிட்டு நீங்கதானே போனீங்க. வெளியில எல்லாம் எண்ணெயா இருந்துச்சு, சந்தனம் ஒட்டல. உள்ளதான் சுத்தமா இருந்துச்சு. எங்க வீட்டுல உரலுக்குக்கூடக் குழியில ஒண்ணு வைப்போம்."

என் விரல் தடிமன். வாயில் பாதிக்கு மேல் போகாது. அவள் மோதிர விரல் உள் முனைவரைக்கும் போயிருக்கிறது. கடையில் வாங்கின சந்தனப் பொடி. காய்ந்தால் சுண்ணாம்பு மாதிரி. அதன் மேல் நான் ஹோல்டரைப் பலமாக இழுத்து இறுக்கியிருக்கிறேன். அது நசுங்கி, எண்ணெய் குடித்து, ஸ்பிண்டிலின் தோலோடு தோலாகிவிட்டது. துணி அதன் மேல் வழுக்கிப் போயிருக்கிறது. வெளிச்சத்தில் அதுவும் பளபளத்திருக்கிறது. நீலம் அழிந்த இடமெல்லாம் பொட்டில் உரசின இடம்.

மூங்கில் சிம்பு ஒன்றைச் சீவி, மண்ணெண்ணெயில் தோய்த்துச் சுரண்டினேன். பழுப்பாக ஒரு செதில் வந்தது. நகக்கண் அளவு. குங்குமத்தின் சிவப்பு ஓரத்தில் லேசாகத் தெரிந்தது. முகர்ந்தேன். மண்ணெண்ணெய் வாடைதான் அடித்தது.

"தப்பா செஞ்சிட்டனா?" என்றாள்.

"இல்ல."

"அப்புறம் ஏன் உக்காந்துட்டீங்க?"

யாரைத் திட்டுவது? துடைத்து வைத்தது நான். இழுத்து இறுக்கினது நான். ஹோல்டரைப் பாதி திருப்பி மாட்டிப் பார்த்திருந்தால், கோளாறு ஹோல்டரிலா வாயிலா என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். லேத்தில் கை வைத்த முதல் வருஷத்தில் சொல்லிக் கொடுக்கிற சோதனை அது. எஃகைச் சந்தேகப்பட்டேன், உமியைச் சந்தேகப்பட்டேன், லேத்தைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஸ்பிண்டிலைக்கூடச் சந்தேகப்பட்டேன். பூஜை போட்டதைச் சந்தேகப்பட மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

முதல் ஹோல்டரை எடுத்து மாட்டிப் பார்த்தேன். கடகடவென்று ஆடியது. நன்றாக இருந்ததை நான்தான் தேய்த்துக் கெடுத்தேனே. ரெண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது, பொட்டு இருந்த வாய்க்கென்றே வெட்டினது. சுத்தமான வாயில் அது நிற்கவே இல்லை. மூன்று ஹோல்டர், ஒன்றும் உதவாது. டிராக்டர் அச்சில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. நாலாவதை ஆரம்பித்தேன்.

அவள் அன்று எதற்கு வந்தாள் என்று சாயங்காலம்தான் கேட்டேன். மேலத் தெருப் பக்கம் அறுப்பு மெஷின் இறங்கிவிட்டதைச் சொல்ல வந்தாளாம்.

நாலாவது ஹோல்டரில் டயல் முள் நின்றது. ஷாஃப்டில் காடி வெட்டினேன். கீயைச் சுத்தியலால் தட்டினேன். உள்ளே போய் உட்கார்ந்தது. கவிழ்த்து உதறினேன். விழவில்லை. எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, வண்டியில் கட்டிக்கொண்டு போனேன்.

மெஷின் வயலில் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின்காரர் வரப்பில் நின்றார். நான் சாக்கைப் பிரிக்கும்போதே அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"நேத்துதான் தஞ்சாவூர்லேருந்து வந்துச்சு தம்பி. மாட்டியாச்சு. எவ்வளவு நாளு பாக்குறது? கதிரு சாயுதுல்ல."

சாயும்தான். நானும் விவசாயி வீடு.

அவர் ஷாஃப்டை வாங்கினார். அன்றைக்குச் செய்த மாதிரியே கவிழ்த்தார். கையை விரித்துக் காத்திருந்தார். இன்னொரு தடவை உதறினார்.

"விழலையே."

"விழாதுண்ணே."

"இதை அப்பவே குடுத்திருந்தா..." என்று நிறுத்திவிட்டார். பிறகு, இந்த சீசன் வேலையைத் தஞ்சாவூர்க்காரரிடமே சொல்லிவிட்டதாகவும், வாக்கு மாற முடியாது என்றும் சொன்னார். ஷாஃப்ட் மட்டும் இருக்கட்டும் என்று வாங்கி மெஷினின் டூல் பெட்டியில் போட்டார். உடைந்தால் மாட்டிப் பார்ப்பாராம். ஓடுமா ஓடாதா என்று தெரிய, நல்லா ஓடுகிற ஒன்று உடைய வேண்டும். அதை நான் எப்படி விரும்புவது? திரும்பி வந்தேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் மேஸ்திரி கூப்பிட்டார். கொல்லையில் நின்று பேசினேன்.

"வர்றியா? இல்ல, ஆளைப் போட்டுக்கட்டுமா?"

சொல்ல என்னிடம் ஒரு வேலையும் இல்லை. சீசன் போய்விட்டது. ஒரு ஷாஃப்ட் பெட்டியில் கிடக்கிறது. போவதுதான் நியாயம். ஆனாலும் வாயில் அது வரவில்லை. இந்தப் பக்கம் வேலியில் மனைவி நனைந்த சாக்கை உலர்த்திக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆளைப் போட்டுக்கங்க" என்றேன்.

சரி என்றார். நல்லா இரு என்றார். அவ்வளவு வருஷத்துக்கு அவ்வளவுதான்.

அவள் சாக்கை உதறிப் போட்டாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"வேலை?"

"வரும்."

"வரலைன்னா?"

மண்வெட்டி இருக்கு என்றேன். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பொங்கல் கழித்து முதல் ஆள் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்தான். மருந்து அடிக்கிற பம்பின் கைப்பிடி உடைந்திருந்தது. பட்டறை போட்டிருக்கியே, ஒட்டிக் குடு என்றார். ஒரு தகடு வைத்து, ரெண்டு துளை போட்டு, ரிவெட் அடித்துக் கொடுத்தேன். அதற்கு மில் தேவைப்படவில்லை.